ஐம்பது மீட்டர், எழுபது வளைவு

ஃபோர்டு ஐகான் 1.6 பெட்ரோல் வண்டியை ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்காதவர்கள் இனி என் முன்னால் "நல்ல கார்" என்று பேச்செடுக்க வேண்டாம். அடாவடிதான். போன மாதம் வரை நானும் அடக்கமாகப் பேசுகிற ஆள்தான். நாமக்கல்லில் ஒரு பட்டறையில் வெள்ளி நிற ஐகான் ஒன்றின் சாவியை வாங்கி, சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்கு ஏற்றி இறக்கிக்கொண்டு வந்ததோடு அந்த அடக்கம் போய்விட்டது. வீட்டில், அலுவலகத்தில், டீக்கடையில், பல் மருத்துவரின் நாற்காலியில் பாதி வாய் திறந்த நிலையில்கூட இதே பேச்சு.

வண்டி ட்ரையல் பார்ப்பது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். நான் வாங்குவது அபூர்வம். சொந்தக்காரர், நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் வண்டி எடுக்கப் போனாலும் கூடவே தொற்றிக்கொள்வேன். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுப்பா" என்று அவர்கள் சாவியை நீட்டுகிற அந்த நொடி இருக்கிறதே, அதற்காக எந்தக் கல்யாணத்தையும் பாதிப் பந்தியில் விட்டுவிட்டு வருவேன். ஆனால் ஷோரூம் ட்ரையல் பெரும்பாலும் ஒரு சடங்கு. பக்கத்தில் ஒரு தம்பி உட்கார்ந்து கூரையைத் திறந்து காட்டுவார், திரையைத் தொட்டுக் காட்டுவார், சீட்டுக்கு அடியில் குளிர்காற்று வருவதைக் காட்டுவார். சர்வீஸ் ரோட்டில் நேராகப் போய், பாலத்துக்கு அடியில் திரும்பி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி உள்ளே வந்தால் முடிந்தது. "பிக்கப் எப்படி சார்?" என்பார். "சூப்பர் தம்பி." வேறென்ன சொல்ல? இறங்கிக் கதவைச் சாத்திய பிறகு கைக்கும் காலுக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. திரை எத்தனை அங்குலம் என்பது மட்டும் மண்டையில் நிற்கும்.

இந்த விஷயத்தில் எனக்குக் குலதெய்வம் ரிச்சர்ட் பாரி-ஜோன்ஸ். வேல்ஸ்காரர், 1951இல் பிறந்தவர், வாழ்நாளின் பெரும்பகுதியை ஃபோர்டில் பொறியாளராகக் கழித்தவர். 1993இல் மோண்டியோ, 1995இல் புது ஃபியஸ்டா, 1998இல் ஃபோகஸ் என்று ஃபோர்டின் ஐரோப்பிய வண்டிகள் வரிசையாக ஓட்டுகிறவர்களின் செல்லங்களாக ஆனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கார் எப்படிப்பட்டது என்பதை முதல் 50 மீட்டரிலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் கட்சி. ஐம்பது மீட்டர் சோதனை என்றே கார் உலகில் அதற்குப் பெயர். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட்டால் வண்டி குதிக்கிறதா நகர்கிறதா, ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை திருப்பினால் மூக்கு அசைகிறதா, பிரேக்கை மிதித்த அளவுக்குத்தான் வண்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் போதாது, இவை எல்லாவற்றின் கனமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். கிளட்ச் பஞ்சாகவும் கியர் முரடாகவும் இருந்தால், இரண்டும் பழுதில்லாமல் இருந்தாலும் அந்த வண்டியைச் செய்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை என்று தெரிந்துவிடும். 2021இல் அவர் ஒரு டிராக்டர் விபத்தில் இறந்துபோனார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் என் மனைவி இன்னும் சிரிக்கிறாள்.

ஐகான் அந்த 1995 ஃபியஸ்டாவின் பெட்டி வைத்த தம்பி. 1999இல் வந்தது. பிறந்த ஊர் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மறைமலை நகர். அதற்கு முன் மகிந்திராவோடு சேர்ந்து நாசிக்கில் எஸ்கார்ட் செய்துகொண்டிருந்த ஃபோர்டு, தன் புதுத் தொழிற்சாலையில் முதலில் கட்டியது இதைத்தான். இங்கிருந்து மெக்சிகோ வரை கப்பலேறிப் போன வண்டி. அன்றைய நம் சாலையை நினைத்துப் பாருங்கள்: அம்பாசடரும் மாருதி 800உம் இன்னும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நின்றன, பத்மினி கடைசி மூச்சில் இருந்தது, சான்ட்ரோ அப்போதுதான் நடை பழகியது. அதற்கு நடுவில், மூக்கைக் கீழே இறக்கிப் பிருஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு இது வந்து நின்றது. 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம் செய்தார்கள். 1.3, 1.6 பெட்ரோல், 1.8 டீசல் என்று வகைகள் இருந்தாலும் பைத்தியக்காரர்களுக்கு வேண்டியது 1.6 மட்டும்தான். அந்தக் காலத்தில் அதை வாங்க என்னிடம் காசில்லை. வைத்திருந்தவர்களின் நட்பும் இல்லை.

நாமக்கல் லாரிகளின் ஊர். பாடி கட்டும் பட்டறைகள், டயர் கடைகள், லேத்துகள், பெயின்ட் வாடை. அவற்றுக்கு இடையில் கார் வேலை மட்டும் பார்க்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் வாடிக்கையாளர் ஒருவருடைய வண்டி, 2001 மாடல், ஒரே ஓனர். எஃப்.சி. காட்டி அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்டி, இன்ஷூரன்ஸும் கரண்ட்டில் இருக்கிறது. முந்தின நாளே போனில் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: "காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணிராதீங்கண்ணா. நான் வந்துதான் பண்ணணும்." பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. சூடேறிய என்ஜின் நல்ல பிள்ளையாக நடிக்கும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்ததைக் கிளப்பினால்தான் சங்கதி வெளியே வரும்.

போனதும் பானட்டில் உள்ளங்கையை வைத்தேன். அண்ணன் சிரித்தார். "நல்லாத் தொட்டுப் பாருங்க தம்பி. நானும் தொடவே இல்லீங்க."

சாவியைத் திருப்பினேன். ஒரு அரைச்சுற்று, அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்ப் பின்னால் சைலன்சரைப் பார்த்தேன். நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம், விடாமல் வெள்ளைப் புகை தள்ளினால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. இங்கே இரண்டும் இல்லை. காலைக் குளிருக்குக் கொஞ்சம் ஈரப்பதம் வந்து நின்றுவிட்டது. பானட்டைத் தூக்கினால் உள்ளே அந்த ரோகேம் என்ஜின். 1597 சி.சி., ஒற்றைக் கேம், எட்டே வால்வு. பதினாறு வால்வு என்று கதவிலேயே எழுதிப் பெருமைப்பட்ட காலத்தில் எட்டு வால்வோடு வந்து நின்றதைச் சிலர் கேலி செய்தார்கள். ஆனால் கேம் தண்டு வால்வை இயக்குகிற இடத்தில் இதற்கு உருளைகள் இருக்கின்றன. உரசுவதற்குப் பதில் உருள்வதால் வீணாகும் சக்தி குறைவு. எட்டு வால்வு என்பதால் குறைந்த சுற்றிலேயே காற்று வேகமாக உள்ளே பாய்கிறது. மொத்தக் குதிரைத்திறன் 90 சொச்சம்தான். அந்தச் சொச்சம் கீழ்ச்சுற்றிலேயே கைக்கு வந்துவிடுவதுதான் இதன் மகிமை.

பட்டறை கேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குச் சுமார் ஐம்பது மீட்டர் மண்பாதை. பாரி-ஜோன்ஸே அளந்து கொடுத்த மாதிரி! கிளட்சை விட்டேன். காலுக்கு ஒரு சிறு எதிர்ப்பு, சரியாக நடுவில் பிடிமானம். ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை, வண்டி தானாக நகர்ந்தது. ஒரு குழி வந்தது. 'டம்' என்ற ஒற்றை ஓசை, அதோடு சரி, ஆட்டம் மிச்சமில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சமே கொஞ்சம் ஒடித்தேன், மூக்கு வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் வந்தது. அதிகமாகவும் இல்லை, தாமதமாகவும் இல்லை. கேட் தாண்டி பிரேக் மிதித்து நிறுத்தினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. பக்கத்தில் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. என் முகத்தைப் பார்த்தார், மீசைக்குள் சிரித்தார், சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

ஆனால் ட்ரையலில் காதல் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம். ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் போட்டேன். இடம் ஒன்று, வலம் ஒன்று. முன்சக்கரத்துக்குள் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் அப்போதுதான் 'டக் டக் டக்' என்று மாட்டிக்கொள்ளும். சத்தமில்லை. நேர்ச்சாலையில், முன்னும் பின்னும் யாரும் இல்லாதபோது கையை லேசாகத் தளர்த்தினேன், எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. அடிபட்டுச் சேஸ் வளைந்த வண்டி என்றால் இங்கே காட்டிக்கொடுத்திருக்கும். சேந்தமங்கலம் தாண்டி, முன்னால் கரும்பு டிராக்டர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முப்பதுக்கு இறங்கினேன். கியரைக் குறைக்கக் கை போனது.

"தேர்ட்லயே இருக்கட்டுமுங்க. சும்மா மிதிங்க."

மிதித்தேன். உறுமலும் இல்லை, உதறலும் இல்லை. டிராக்டர் பின்னால் போய்விட்டது. நம் ஊரில் இதை 'இழுவை' என்பார்கள், 'பிக்கப்' என்பது வேறு. முதலாவது இருக்கிற வண்டியில் இரண்டாவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

காளப்பநாயக்கன்பட்டி போய், காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. தமிழ்நாட்டில் மலைச்சாலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூச்சு விட இடம் கொடுக்காமல் வளைவுக்கு மேல் வளைவாக அடுக்கிய இந்தச் சாலைக்கு ஈடு கிடையாது என்பேன். ஏற்காட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும். ட்ரையலுக்கு இதைவிடப் பொருத்தமான இடமும் இல்லை. நேர்ச்சாலையில் எந்த வண்டியும் ராஜாதான்.

முதல் நாலைந்து வளைவு நான் வண்டியைப் புரிந்துகொள்ளவே போயிற்று. செகண்டு கியர். இடப்பக்கம் திரும்பும் வளைவுகள்தான் சோதனை. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் உட்பக்கத்தில் சிக்குவோம். அங்கே வளைவும் குறுகல், ஏற்றமும் செங்குத்து. முன்சக்கரத்தால் இழுக்கும் வண்டிகளுக்கு அது கஷ்டமான இடம். ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும், உள்பக்க முன்சக்கரம் லேசாகும், அவசரப்பட்டு மிதித்தால் கீச்சென்று சுழலும். வளைவுக்கு முன்பே வேகத்தை முடித்துவிட்டு, திருப்பி, சக்கரம் நிமிரத் தொடங்கும்போது மெல்ல மிதிக்க வேண்டும். இதையெல்லாம் நான் யோசித்துச் செய்யவில்லை. ஸ்டியரிங்தான் சொல்லிக்கொண்டே வந்தது. உள்சக்கரம் பிடியை விடப் போகிறது என்றால் கையில் கனம் குறைந்தது. ஜல்லி கிடந்தால் விரல் நுனியில் நறநறவென்று தெரிந்தது. தூண்டில் நரம்பில் மீன் மூக்கை உரசுவதுகூடக் கைக்குத் தெரியுமே, அப்படி.

இதற்குக் காரணம் உண்டு. ஐகானில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். என்ஜினோடு பெல்ட்டில் ஓடும் பம்பு எண்ணெயைத் தள்ளி உதவும். இப்போதைய வண்டிகளில் மின்மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. அதில் பெட்ரோல் மிச்சம், பார்க்கிங்கில் சுண்டுவிரலால் திருப்பலாம், வண்டியே தடம் மாறாமல் தன்னைத் திருத்திக்கொள்ளவும் அதுதான் வழி. எல்லாம் நியாயம். ஆனால் ரோட்டுக்கும் கைக்கும் நடுவில் மோட்டாரும் கணினியும் உட்கார்ந்து, எந்தச் செய்தியை விடலாம், எதை வடிகட்டலாம் என்று முடிவு செய்கின்றன. பெரும்பாலும் எல்லாவற்றையும் வடிகட்டிவிடுகின்றன. வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு 'எல்லோரும் சௌக்கியமாம்' என்று மட்டும் சொல்கிற பெரியப்பாக்கள். நல்லவர்கள்தான், கடிதத்தை எங்களிடம் கொடுத்திருக்கலாம்.

இருபதாவது வளைவுக்கு மேல் நான் பாட ஆரம்பித்துவிட்டேன் என்று அண்ணன் பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது தாளம்: பிரேக், கியர், திருப்பு, மிதி. பிரேக், கியர், திருப்பு, மிதி. வலது காலின் முன்பாதி பிரேக்கில் இருக்கும்போதே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டிச் சுற்றை ஏற்றிக் கியரை இறக்குகிற வித்தை ஒன்று இருக்கிறது. பல வண்டிகளில் இரண்டு மிதிகளும் மேலும் கீழுமாக, விலகி விலகி இருக்கும். காலைச் சுளுக்கிக்கொள்ளத்தான் லாயக்கு. இங்கே என் காலுக்கு அளவெடுத்து வைத்த மாதிரி அமைந்தது. தட்டினால் என்ஜின் 'வ்ரூம்' என்று பதில் சொல்ல, கியர் சத்தமில்லாமல் விழ, அடடா! இத்தனைக்கும் ஸ்பீடோமீட்டர் முள் நாற்பதைத் தாண்டவே இல்லை. முப்பதிலும் முப்பத்தைந்திலும் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷத்தைத் தர முடியும் என்றால், மணிக்கு இருநூறு போகிற வண்டிகளை எதற்காகச் செய்கிறார்கள்? எங்கே கொண்டுபோய் ஓட்டுகிறார்கள்? மேலே இருந்து பஸ் வந்தால் ஹாரன் அடித்து ஒதுங்கி நின்றோம். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது மலைச்சட்டம். ஆனால் பஸ் டிரைவருக்கு டைம் இருக்கிறது, எனக்கு அன்றைக்கு நாள் முழுக்க இருந்தது. நிற்கவும் பிடித்திருந்தது. செங்குத்தில் நின்று, ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, ஹாஃப் கிளட்சில் கொஞ்சம் மிதித்து விடுவித்தால் ஒரு விரல் அளவுகூடப் பின்னால் உருளாமல் கிளம்பியது. அந்த நிமிஷமே ஹேண்ட்பிரேக்குக்கும் கிளட்சுக்கும் மார்க் போட்டாயிற்று.

சோளக்காட்டில் டீ. சந்தையில் பலாவும் வாழையும் மிளகும். வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்குவதற்குள் பைக்கில் வந்த ஒரு பையன் பிரேக் போட்டான். "அண்ணா, ஐகானா? ஒன் பாயின்ட் சிக்ஸா?" இந்த வண்டி ரோட்டுக்கு வந்தபோது அவன் பிறந்திருக்கவே மாட்டான். பானட்டைத் திறக்கச் சொன்னான். பார்த்தான். "ஸ்டாக்கா இருக்குதுண்ணா" என்றான், கோயிலில் பேசுகிற குரலில். பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்த பிக்கப் டிரைவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்குக் கவலை வேறு. "பெட்ரோல் குடிக்குமேங்க." குடிக்கும், ஊரறிந்த தாகம் அது. "ஸ்பேர் கிடைக்குமா? கம்பெனியே போயிருச்சே." அதுவும் உண்மை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் வண்டி செய்வதை நிறுத்துவதாகச் சொன்னது. 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி இகோஸ்போர்ட் வெளியே வந்தது. நான் பதில் யோசிக்கும்முன் அண்ணன் டீ கிளாஸை வைத்தார். "கம்பெனி போச்சுங்க. நான் எங்க போனேன்?"

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரையல் பார்க்கிறவர்கள் ஏற்றத்தோடு திருப்திப்பட்டு, இறக்கத்தில் அரட்டை அடித்துக்கொண்டு வருவார்கள். வண்டியின் யோக்கியதை இறக்கத்தில்தான் முழுசாகத் தெரியும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது லாரிக்காரர்கள் பாடம். செகண்டில் போட்டுக் காலை எடுத்தால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரேக் வளைவுக்கு மட்டும். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் கொஞ்ச நேரத்தில் பேட் சூடேறிக் கருகல் வாடை வரும், அப்புறம் மிதி மெத்தையில் இறங்குகிற மாதிரி இறங்கும். ஐகான் செகண்டில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் மூக்கைத் தாழ்த்தி, பின்பக்கத்தை லேசாக வீசிக்கொடுத்துத் திரும்பியது. ஆமாம், பின்பக்கமும் சேர்ந்து திரும்புகிறது! முன்னிழுவை வண்டியில் பின்சக்கரங்கள் வெறுமனே இழுபட்டு வருவதுதான் வழக்கம். இதில் அவையும் ஆட்டத்தில் இருக்கின்றன. அடிவாரத்தில் நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். வாடை இல்லை. ரோட்டோரம் கடலை விற்ற அம்மா என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுவோம்.

பட்டறைக்குத் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. என்ஜினை அணைத்தேன், இறங்கவில்லை. அண்ணன் வெளியே போய்ச் சுற்றிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"29, 30 ரெண்டு ஃபாரத்துலயும் ஓனர்கிட்டக் கையெழுத்து வாங்கி வெச்சிருங்கண்ணா. ஆர்.சி.ய மாத்திரலாம்."

"ஏனுங்க தம்பி, நான் இன்னும் வெலையே சொல்லலீங்களே?"

"சரி, சொல்லுங்க."

சொன்னார். கொஞ்சம் அதிகம்தான். பேரம் பேசாமல் வந்தால் வீட்டில் மரியாதை இருக்காது என்பதால் பத்தாயிரம் குறைக்கச் சொன்னேன். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓனர்கிட்டப் பேசிக் கொறச்சுத் தரச் சொல்றனுங்க. ஆனா மறுக்கா மலைக்குப் போறப்ப என்னையுங் கூட்டிட்டுப் போகோணும். ஏர்றப்ப நீங்க. எறங்கறப்ப நானு."